வெயிலுக்கும் வேண்டும் ஒரு வட்டைவிதானை

என் வாப்பா வட்டைவிதானை. நான் சோலார் பொருத்துகிறவன். அவர் தண்ணீரைப் பங்கிட்டே வாழ்ந்து முடித்தார். நான் இருபது வருடத்துக்கு மேலாக வெயிலைக் கம்பிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வாப்பாவின் தொழிலில் இருந்த முக்கியமான ஒன்று என் தொழிலில் இல்லை. அது இல்லாததால் எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதைக் கூரைமேல் நின்று நான் பார்த்துவருகிறேன்.

ஒலுவிலுக்கு மேற்கே, களியோடையை அண்டி விரிந்து கிடக்கும் வயற்பரப்பை நாங்கள் வட்டை என்போம். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானை. போகம் தொடங்கு முன்பு ஆரம்பக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், நிலச் சொந்தக்காரரான போடிமார், குத்தகைக்காரர், விதானைமார் எல்லோரும் கூடியிருப்பார்கள். முதல் தண்ணீர் எந்தத் தேதி, கடைசித் தண்ணீர் எந்தத் தேதி, மாடுகளை எப்போது வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது, எங்கள் குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் நீர்மட்டம் குறைவென்றால் எத்தனை ஏக்கர் விதைப்பது — எல்லாம் அங்கே பேசித் தீரும். சத்தம் போடுவார்கள், எழும்பிப் போவார்கள், திரும்பி வந்து இருப்பார்கள். கடைசியில் தீர்மானம் எழுதப்படும். எழுதிவிட்டால் அது சட்டம். மீறினவரை நீதிமன்றத்துக்கே கொண்டுபோகலாம்.

வாப்பாவிடம் ஒரு கொப்பி இருந்தது. யாருடைய வயல் எந்த வாய்க்காலில், எத்தனை ஏக்கர், யாருக்கு எந்த இரவு தண்ணீர் என்று அதில் எழுதியிருப்பார். சிறுபோகத்தில் நடுச்சாமம் டோர்ச்சோடு புறப்படுவார். நானும் சில நாள் பின்னால் போயிருக்கிறேன். மேல்மடைக்காரர் களவாகத் திறந்துவிட்ட மடையை அடைத்துவிட்டு, கீழ்மடைக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை வரம்பில் குந்தியிருப்பார். "குடிச்சு மிஞ்சினதக் குடுக்கிறதுக்குப் பேர் பங்கு இல்ல மகன். கீழ்மடைக்காரனுக்கும் கணக்குல இருக்கு" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தச் சொல் விளங்கியது நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

அதே காலத்தில், 1981இல், கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கொர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை அமைப்பாளர்களாக வயல்களுக்குள் அனுப்பின. அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். அப்படியிருந்தும் வாய்க்காலுக்கு ஒரு குழுவாகக் கூடிய விவசாயிகள், மேல்மடையிலிருந்து கீழ்மடைக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். வால்பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள். நாடு இனத்தால் பிளந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த நேரத்தில் அம்பாறை மாவட்டத்தின் ஒரு வாய்க்காலில் இது நடந்தது. அங்கே வேலைசெய்த பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பிறகு அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கொழும்பிலிருந்து வரும் உத்தரவால் மட்டும் நடக்காத ஒன்று, வாய்க்கால் கரையில் கூடினால் நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி.

நாற்பது வோட் காலம்

சவூதியில் ஏழு வருடம் வயரிங் வேலை செய்துவிட்டு 2001இல் ஊருக்கு வந்தேன். அந்நாளில் சோலார் என்றால் வீட்டுக் கூரையில் ஒற்றைப் பேனல், கீழே ஒரு பற்றரி, நாலைந்து 12 வோல்ட் லாம்பு. முப்பது நாற்பது வோட்தான். உலக வங்கியின் நிதியில் 1997 முதல் 2002 வரை ஒரு திட்டமும், அதைத் தொடர்ந்து 2011 வரை இன்னொரு திட்டமும் நடந்தன. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் கூடுதலான வீடுகளுக்கு இந்தச் சிறு தொகுதிகள் போயின. நான் ஒரு முகவரின் கீழ் பொருத்துகிறவனாகச் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் பேனலைக் கட்டிக்கொண்டு இறக்காமம், பொத்துவில், அதற்கப்பால் காட்டோரக் குடிசைகள் வரை போவேன்.

யானைக் காவலுக்குப் பரணில் படுக்கும் ஒருவர், முதல் நாள் லாம்பு எரிந்ததும் குப்பி விளக்கை ஊதி அணைத்துவிட்டு அதன் கரியைத் தன் விரலால் துடைத்து எனக்குக் காட்டினார். "இத்தின வருசமா இதத்தான் மகன் நெஞ்சுக்குள்ள இழுத்தம்" என்றார். என் தொழிலின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

தவணைப் பணம் மாதாமாதம் கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் ஆட்களுக்கோ காசு வருவது வெள்ளாமை வெட்டிய பிறகு, வருடத்தில் இரண்டு தடவை. நாலாம் மாதமே தவணை தவறும். கம்பனி ஆள் வந்து பேனலைக் கழற்றிக்கொண்டு போவான். அறுவடையோடு சேர்த்துக் கட்டும்படி தவணையை மாற்றியிருந்தால் பாதி வீடுகளில் விளக்கு அணைந்திருக்காது. அதைச் சொல்ல எங்களுக்கு இடமிருக்கவில்லை. பக்கத்து ஊவாவில் நிலைமை வேறு. அங்கே மாகாண சபை தன் பங்காக ஒரு மானியம் கொடுத்தது. மொனராகலைப் பக்கத்துக் கிராமங்களில் பேனல் வேகமாகப் பரவியது. எங்கள் வடக்குக் கிழக்கு மாகாணத்துக்கோ 1990இலிருந்து தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மானியம், இந்தப் பக்கம் இல்லை. வெயில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று.

இன்னொன்றும் நடந்தது. கடன் முடியுமுன்பே சில கிராமங்களுக்கு மின்சாரக் கம்பி வந்துவிட்டது. அடுத்த வருடம் லைன் வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் அந்த ஏழைகள் பேனலுக்குக் கடன்பட்டிருக்க மாட்டார்கள். லைன் இழுப்பவர்களும் பேனல் விற்பவர்களும் ஒரே மேசையில் கூடியதில்லை. கூட்டும் பொறுப்பும் யாருக்கும் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி. அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரிழப்பு எங்கள் மாவட்டத்தில்தான். கம்பங்கள் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்த நாட்களில், வட்டைக் குடிசைகளில் நான் பொருத்திய சில பேனல்களைக் கழற்றி முகாமுக்குக் கொண்டுவந்து லாம்பு எரித்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

கூரை வந்த கதை

2010 அளவில் நெட் மீற்றரிங் வந்தது. பகலில் கூரையில் விளைவதை லைனுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப எடுக்கலாம். பற்றரி தேவையில்லை. ஆனாலும் எங்கள் பக்கம் அதை எடுத்தவர் சொற்பம். 2016 செப்டம்பரில் அரசாங்கம் சூரிய பல சங்கிராமத் திட்டத்தைத் தொடங்கியபின்தான் தொலைபேசி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. இருபது வருட ஒப்பந்தம். மிகையாகக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் ஏழு வருடம் 22 ரூபாய், பிறகு பதின்மூன்று வருடம் 15 ரூபாய் 50 சதம். அரிசி ஆலைக்காரர், கடை வைத்திருப்பவர், பிள்ளைகள் கட்டாரில் உள்ள வீட்டுக்காரர் என்று வரிசையாக வந்தார்கள்.

கடற்கரை ஊரில் இந்த வேலைக்குத் தனிப் பக்குவம் வேண்டும். கொழும்பில் படித்துவந்தவர்களுக்கும் அதை இங்கேதான் கற்றுக்கொடுத்தோம். நாகம் பூசிய சாதாரண போல்ட் எங்கள் உப்புக்காற்றுக்கு இரண்டு மாரி தாங்காது. துருப்பிடிக்காத உருக்கு போல்ட்தான் போடவேண்டும், அதிலும் தரம் பார்த்து. மணல் தரையில் ஏர்த் கம்பி அடித்தால் ஈரமில்லாமல் எதிர்ப்பு ஏறிக்கிடக்கும். ஒன்றுக்கு மூன்று கம்பி அடிக்கவேண்டும், முடிந்தால் கிணற்றடிப் பக்கம். கச்சான் காற்றுக் காலத்தில் தூசும் உப்பும் படிந்து கண்ணாடி மங்கிப்போகும். சுபஹுக்குப் பிறகு, பேனல் குளிர்ந்திருக்கும்போது கழுவவேண்டும், நண்பகலில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு தென்னோலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க இழுபடும். இதையெல்லாம் பார்த்துச் செய்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி மூன்றரை, நாலு யூனிட் கிடைக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் பலர் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் போனார்கள். காரணம் காசில்லை என்பது மட்டுமல்ல. கூரைச் சோலாருக்கென்று சலுகைக் கடன் வந்தது. அது வட்டிக் கடன். மார்க்கத்துக்குப் பயந்து வாழ்கிற குடும்பங்கள் அதைத் தொடவில்லை. முறாபஹா முறையில் பொருளை வாங்கி இலாபம் வைத்து விற்கும் வங்கிகள் உண்டு, ஆனால் சலுகை என்று அறிவிக்கப்பட்டதோ வட்டிக் கடனாகவே எங்கள் கைக்கு வந்தது. பெண்கள் சீட்டுப் பிடித்துப் பேனல் வாங்கிய வீடுகளும் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் சேர்ந்து, மாதம் ஒரு வீடாக. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு நாள் கூடிக் கேட்டிருந்தால் போதும், இந்த விஷயம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இருட்டுக்குள் ஒரு கேள்வி

2022ஐ யாரும் மறக்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. ஏப்ரல் 3ஆம் தேதி முதல் நோன்பு. சஹருக்கு எழும்பினால் இருட்டு, நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது இருட்டு, தராவீஹுக்குப் பள்ளிக்குப் போனால் அங்கேயும் பேன் நின்றுகொண்டிருக்கும். அந்த நாட்களில் நான் ஐந்து கிலோவாட் பொருத்திக்கொடுத்த வீட்டு ராத்தா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கூரையில வெயில் இருக்கு, உங்கட பேனல் இருக்கு, என்னத்துக்கு எங்கட பேன் ஓடுதில்ல?"

லைனில் கறண்ட் இல்லையென்றால், பேனலின் கறண்டை வீட்டுக் கறண்டாக மாற்றும் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலைசெய்கிற மனிதனுக்கு எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மரணம் போகும். அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஆனால் விற்கும்போது இதை அவருக்கு முறையாகச் சொல்லாதது என் பிழை. அன்றிலிருந்து யாருக்குப் பொருத்தினாலும், கையெழுத்துக்கு முன் முதலில் சொல்வது இதுதான்: கறண்ட் போனால் இதுவும் போகும், வேண்டுமென்றால் பற்றரிக்குத் தனிச் செலவு.

அந்த வருடம் ஆகஸ்டில் மின் கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டின் விலையும் 37 ரூபாய்க்கு உயர்ந்தது. சனம் கூரைக்கு ஓடியது. ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை எங்கும் பேனல். நான் கையாட்களைக் கூட்டினேன். ஜும்ஆவுக்கு மட்டும் இறங்கி, மற்ற நேரமெல்லாம் கூரையிலேயே கிடந்தோம்.

கடைசி வீடு

கடற்கரைப் பக்கம் ஒரு வீதி. ட்ரான்ஸ்போமர் வீதி முனையில். கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். ஓய்வூதியத்தில் சேர்த்து மூன்று கிலோவாட் போட்டிருந்தார். ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, விடிய நல்லா வேலை செய்யுது. வெயில் ஏறினதும் மெசின் நிண்டு போகுது. அஸருக்குப் பிறகு திரும்ப ஓடுது. இது என்ன தலைகீழ் வேலை?"

நண்பகலில் மீற்றர் பிடித்துப் பார்த்தேன். 252 வோல்ட். சட்டப்படி வீட்டுக்கு வரவேண்டியது 230. கூடினாலும் குறைந்தாலும் 6 வீதத்துக்குள், அதாவது கூடினால் 244க்குக் கிட்ட நிற்கவேண்டும். நடந்தது என்னவென்றால், அந்த வீதியில் எட்டுப் பத்து வீடுகளில் பேனல். பகலில் வீட்டில் ஆளில்லை, செலவில்லை. எல்லோருடைய மிகையும் ஒரே கம்பியில் ட்ரான்ஸ்போமரை நோக்கித் தள்ளுகிறது. கம்பி நீள நீள வோல்டேஜ் ஏறும். முனையிலுள்ள வீடுகளுக்குப் பாதகமில்லை. கடைசி வீட்டில்தான் எல்லை தாண்டும். இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆகக் கூடுதலாக வெயில் அடிக்கும் மூன்று மணித்தியாலத்தில் டீச்சரின் பேனல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

வரம்பில் வாப்பா குந்தியிருந்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது. இதுவும் ஒரு வாய்க்கால்தான். ஓட்டத்தின் திசைதான் மாறியிருக்கிறது. அங்கே கீழ்மடைக்குத் தண்ணீர் வந்து சேராது. இங்கே கடைசி வீட்டிலிருந்து கறண்ட் வெளியேற முடியாது. நட்டம் இரண்டிலும் கடைசியில் இருப்பவனுக்கே.

அதே வீதியில் மீன் வாடி வைத்திருக்கும் ஒருவர் இரண்டு கிலோவாட்டுக்கு விண்ணப்பம் போட்டார். மகன் கடலுக்குப் போய்ச் சேர்த்த காசு. விண்ணப்பம் திரும்பி வந்தது: அந்த ட்ரான்ஸ்போமரில் இனி இடமில்லை. நான் காரியாலயத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த இளம் பொறியியலாளர் என்னை உட்காரவைத்துக் கடதாசியில் கீறிக் காட்டினார். "காக்கா, இந்த ட்ரான்ஸ்போமர் தாங்குற அளவு இவ்வளவுதான். இதுக்கு மேல நான் கையெழுத்துப் போட்டா, ஒரு பெருநாள் அண்டைக்கு முழு வீதியும் இருட்டாகும். அப்ப அந்த வாடிக்காரர் வீடும் சேர்த்துத்தான்." அவர் சொன்னதில் பிழையில்லை. கணக்கு சரி. அந்தக் கணக்கை எந்த ஒழுங்கில் நிரப்புவது என்று எந்தக் கூட்டமும் முடிவெடுக்கவில்லை, அதுதான் குறை. முந்தியவர் எடுத்தார். முந்தியவர் கையில் காசு இருந்தவர். 2017இல் ஒரே கூரையில் இருபது கிலோவாட் போட்டவர் இருபது வருடத்துக்கு இடம் பிடித்துவிட்டார். இரண்டு கிலோவாட் கேட்ட மீன்காரருக்குக் கதவு அடைபட்டது.

வாப்பாவின் வட்டையில் இப்படி நடக்காது. நூறு ஏக்கர்ப் போடியார் முதல் நாள் வந்துவிட்டார் என்பதற்காக வாய்க்காலை அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது, நாடு முழுக்க இருண்டது. வெளியே அது நகைச்சுவைச் செய்தியானது. தொழிலில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. விடுமுறை நாள் பகலில் செலவு குறைவு, கூரைகளிலிருந்து வருவது கூடுதல். சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாக ஓடும் அந்த நேரத்தில் ஒரு சிறு அதிர்ச்சியையும் மின்வலை தாங்காது. இலங்கையில் கூரைச் சோலார் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதனால்தான் அதே வருடம் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலார்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை எல்லோரையும் கேட்டது. என் வாடிக்கையாளர்கள் என்னைக் கேட்டார்கள்: "நாங்க நிப்பாட்டினா பக்கத்து வீட்டான் நிப்பாட்டுவானா?" என்னிடம் பதில் இருக்கவில்லை. முறைவைக்க ஒரு விதானை இல்லாத வாய்க்காலில் யார் முதலில் மடையை அடைப்பார்?

அதே வருட நடுப்பகுதியில் புதிதாகச் சேரும் கூரைகளுக்கான விலை இறங்கியது. ஐந்து கிலோவாட்டுக்குட்பட்ட சிறிய தொகுதிக்கு 20 ரூபாய் 90 சதம். 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு மின்சார சபையையே பல கம்பனிகளாகப் பிரிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வழியில் வரவேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அத்தனையும் கொழும்பில் முடிவாகிறது. மின்வலை ஒன்று என்பதால் பல விஷயம் அங்கே முடிவாகத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. குளத்தின் பெரிய மதகைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களம்தானே. ஆனால் வாய்க்காலுக்குள் பங்கிடுவது வட்டையின் வேலை.

சட்டத்தில் அதற்கு இடமே இல்லையா என்று ஒரு சட்டத்தரணித் தம்பியிடம் கேட்டேன். அவர் 1987இன் 13ஆவது திருத்தத்தை எடுத்துக் காட்டினார். மாகாண சபைப் பட்டியலில் 34ஆவது விடயம்: நீர்மின்சாரமும் தேசிய மின்வலைக்கு ஊட்டும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துக்குள் மின்சாரம் உண்டாக்கும் இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்வதும் நிர்வகிப்பதும் மாகாணத்துக்குரியது. எழுதியவர்கள் காலத்தில் கூரையிலிருந்து கறண்ட் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்று ஒரு வீட்டுக் கூரையில் விளைவதில் ஒரு பகுதி அந்த வீட்டிலேயே செலவாகிறது, மீதி மின்வலைக்குப் போகிறது. அப்படியென்றால் அந்தக் கூரை யாருடைய பட்டியலில் வருகிறது? கேட்பதற்குச் சபை வேண்டும். வடக்கிலிருந்து பிரிந்த பிறகு கிழக்கு மாகாண சபை 2008இலும் 2012இலும் தெரிவானது. 2017 செப்டம்பரோடு காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. கையில் இருப்பது பிரதேச சபைகள் மட்டும். 2025 மே 6இல் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. தெருவிளக்கின் பல்பு மாற்றுவதோடு மின்சாரத்தில் தங்கள் வேலை முடிந்தது என்று அவை நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த நாட்டின் உள்ளூராட்சிச் சபைகள் பல, மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தாங்களே வீடுகளுக்கு விநியோகித்தன என்பது அவற்றுக்கே மறந்துபோயிற்று. அதை ஒழுங்காகச் செய்யாமல் நட்டப்பட்டதால்தான் 1980களில் அந்த வேலை அவற்றின் கையை விட்டுப் போனது. அந்தப் பாடத்தையும் மறக்கக்கூடாது.

டென்மார்க்கிலிருந்து வந்ததும் வராததும்

கடற்கரைக் கூரைகளில் நின்றால் வெளிச்சவீடு தெரியும், அதற்கப்பால் துறைமுகம் தெரியும். எங்கள் அரசியல் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவுகளில் இரண்டு ஒலுவிலில் நிற்கின்றன. ஒன்று, 1996இல் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆளாக்கிவிட்டது. மற்றது துறைமுகம். டென்மார்க்கின் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பர் 1இல் திறந்தார்கள். அலைதாங்கிகள் நீண்டதும் மணலின் ஓட்டம் தடைப்பட்டது. வடக்கே கரை அரிபட்டுத் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. துறைமுக வாய்க்குள் மணல் சேர்ந்து படகு நுழையவும் வழியில்லாமல் போனது. மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் ஓடும் என்று கரைவலை இழுத்தவர்களுக்குத் தெரியும்; கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பொறியியல் பீடத்தில் படிக்கும் என் மருமகன் ஒரு நாள் டென்மார்க்கின் இன்னொரு கதையைச் சொன்னான். சாம்சோ என்று ஒரு தீவு. நாலாயிரம் பேரளவில் வாழும் விவசாயத் தீவு. 1997இல் அந்த நாட்டு அரசாங்கம் வைத்த போட்டியில் வென்று, பத்து வருடத்துக்குள் தன் மின்சாரம் முழுவதையும் காற்றிலிருந்து எடுக்கும் நிலைக்கு வந்தது. தரையில் 11 காற்றாலை, கடலில் 10. சிலவற்றுக்கு விவசாயிகள் உரிமையாளர்கள், சிலவற்றில் ஊர்க்குடும்பங்கள் பங்கு வாங்கின, கடலில் உள்ளவற்றில் ஐந்து உள்ளூர் நகரசபைக்குச் சொந்தம். சோரன் ஹெர்மன்சன் என்ற உள்ளூர்க்காரர், விவசாயி வீட்டுப் பிள்ளை, வாத்தியார், ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிப் பேசியே அதைச் செய்து முடித்தார். கேட்டதும் நான் சொன்னேன்: "மகன், அவர்தான் அந்தத் தீவுட வட்டைவிதானை." டென்மார்க்கிலிருந்து எங்களுக்குக் கடன் வந்தது, கொங்கிறீட் வந்தது. சாம்சோவின் கூட்டம் மட்டும் வரவில்லை.

மன்னாரில் காற்றாலைக்கு எதிராக 2025இல் சனம் வீதிக்கு இறங்கியதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். காற்றை வெறுத்து யாரும் இறங்கவில்லை. கேட்காமல் செய்தார்கள் என்றுதான் இறங்கினார்கள்.

கூட்டினால் என்ன பேசுவது

வருடத்துக்கு இரண்டு தடவை, நெல்லுக்குக் கூடுவது போல வெயிலுக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வேண்டும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் கூட்டட்டும். மின் பொறியியலாளர், பல்கலைக்கழகம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள், ஆலைக்காரர், மீனவர் சங்கம், எங்களைப் போலப் பொருத்துகிறவர்கள் எல்லோரும் வரட்டும். பேசுவதற்கு எங்களிடம் விஷயம் இருக்கிறது.

முதலாவது, எந்த ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் போயிற்று, எவ்வளவு மீதி என்று சபைச் சுவரில் ஒட்டவேண்டும். விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் காத்திருந்து "இடமில்லை" என்று கேட்பதைவிட அது மேல். இரண்டாவது, மீதியுள்ள இடத்தில் ஒரு பங்கு சிறிய வீடுகளுக்கும் வீதியின் கடைசி வீடுகளுக்கும் ஒதுங்கவேண்டும். மூன்றாவது, நண்பகல் கறண்டை நண்பகலிலேயே செலவழிக்க வழி பார்க்கவேண்டும். அரிசி ஆலை, ஐஸ் வாடி, தண்ணீர்த் தாங்கிக்கு இறைக்கும் மோட்டார் எல்லாம் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் ஓடினால் டீச்சரின் இன்வேட்டர் நிற்காது. சேனநாயக்க சமுத்திரத்தில் நெல்லுக்குத் திறக்கும் தண்ணீரில்தான் இங்கினியாகல மின்நிலையம் ஓடுகிறது. ஒரு தண்ணீரை இரண்டு வேலைக்கு ஒழுங்குபடுத்தத் தெரிந்த மாவட்டத்துக்கு இது கடினமில்லை. நான்காவது, இந்தியாவின் உதவியில் நாட்டின் 5,000 வணக்கத்தலங்களுக்குத் தலா ஐந்து கிலோவாட் பொருத்தும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. பள்ளிவாசல் கூரையும் வீதி ட்ரான்ஸ்போமரில்தான் சேரும். அந்தப் பேனலோடு ஒரு பற்றரியும் சேர்ந்தால் இன்னொரு சுனாமியிலோ சூறாவளியிலோ ஊருக்கே விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அங்கிருந்து ஓடும். ஐந்தாவது, கழித்த பற்றரிகளும் உடைந்த பேனல்களும் இப்போதே வட்டை ஓரத்தில் கிடக்கத் தொடங்கிவிட்டன. அவற்றை எங்கே சேர்ப்பது என்று இன்று முடிவெடுக்காவிட்டால் நாளை களியோடைத் தண்ணீரில் ஈயம் இருக்கும்.

இதில் எதற்கும் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கூடி எழுதிய தீர்மானத்தைக் காரியாலயங்கள் மதிக்கின்றன. நெல் விஷயத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

வாப்பா மௌத்தாகிச் சில வருடமாகிறது. அவருடைய கொப்பி என்னிடம் இருக்கிறது. நானும் ஒரு கொப்பி எழுதிவருகிறேன். எங்கள் வீதிகளில் எந்த ட்ரான்ஸ்போமரில் எந்த வீடு, எத்தனை கிலோவாட், நண்பகலில் கடைசி வீட்டில் எத்தனை வோல்ட் என்று. எந்த வேலைக்குப் போனாலும் மீற்றர் பிடித்து எழுதிக்கொண்டு வருவேன். அது ஒருவனின் கணக்கு. பொறியியலாளர் சரிபார்க்க வேண்டும், குறை இருக்கும். ஆனால் தொடங்க அது போதும்.

2025இல் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குக் கதிரை போடுகிற அதே மண்டபத்தில், அடுத்த நாளும் அந்தக் கதிரைகளை எடுக்காமல் விடுங்கள். வெயிலைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள். நான் கொப்பியோடு வருகிறேன்.